பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு குறுக்குக் கம்பி: சஸ்பென்ஷன் பிரேஸ் எங்கே உதவும், எங்கே சும்மா இருக்கும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பானெட்டைத் திறந்து காட்டும்போது பார்த்திருப்பீர்கள். எஞ்சினுக்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு கம்பி ஓடும். சிவப்பு அல்லது நீல பெயின்ட், இல்லாவிட்டால் முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ். அதுதான் ஸ்ட்ரட் பிரேஸ். "போட்டதும் வண்டியே மாறிடுச்சு" என்ற வாசகமும் கூடவே வரும்.

நானும் ஒன்று போட்டேன். என்னுடையது 1990-களின் தொடக்கத்தில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5. மாட்டிய அன்று மாலை கார் இளமை திரும்பியதுபோல் வளைந்தது. ஸ்டீயரிங் கூர்மையாகிவிட்டது என்று சத்தியமே செய்திருப்பேன். சில வாரம் கழித்து வேறொரு வேலைக்காக அதைக் கழற்றி ஓரமாக வைத்தேன், திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். ஒரு மாதம் ஓட்டிய பிறகு, வேறு எதையோ தேடும்போதுதான் அது மூலையில் கிடப்பதைப் பார்த்தேன். அந்த ஒரு மாதத்தில் ஒரு நாள்கூட "என்னவோ குறைகிறதே" என்று தோன்றவில்லை.

அப்படியானால் பிரேஸ் என்பதே சும்மா அலங்காரமா? இல்லை. அதே மாதிரிக் கம்பி வேறொரு காரில் நல்ல வேலை செய்யும். என் காரில் நான் மாட்டிய இடத்துக்கு அந்தக் கம்பி தாங்கக்கூடிய விசை அவ்வளவாக வருவதில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் இது புரிவதற்கு, காரின் உடல் எப்படி நெளிகிறது, சக்கரத்தில் பிறக்கும் விசை எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

தீப்பெட்டிக் கணக்கு

ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை உருவிவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் மூலைக்கு மூலை மெல்ல அழுத்துங்கள். செவ்வகமாக இருந்தது சாய்ந்து இணைகரமாகப் படுத்துவிடும். உள்தட்டைத் திரும்பச் செருகிவிட்டு அழுத்தினால் அசையாது. அட்டை ஒன்றும் தடிமனாகிவிடவில்லை. சாய்வதற்கு வழி இல்லாமல் போய்விட்டது.

காரின் முன்பகுதியும் ஒரு வகையில் அந்த வெளிக்கூடுதான். இரண்டு பக்கமும் உள்சுவர்கள், பின்னால் எஞ்சினையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் ஃபயர்வால் என்ற தகட்டுச் சுவர், முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், கீழே ஒரு குறுக்குச் சட்டம். மேலே? ஒன்றும் இல்லை. பானெட் வெறும் மூடி. கீலிலும் பூட்டிலும் மட்டும் உட்கார்ந்திருப்பது, உடலுக்கு வலு சேர்ப்பதில்லை. மேல்பக்கம் திறந்த அந்தப் பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களிலும்தான் சஸ்பென்ஷனின் (சக்கரங்களை உடலோடு இணைக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பு) மேல்முனைகள் உட்காரும் இடங்கள் இருக்கின்றன. அந்த மேடுகளுக்கு ஸ்ட்ரட் டவர் என்று பெயர். அவை இரண்டையும் ஒரு கம்பியால் இணைப்பதுதான் ஸ்ட்ரட் பிரேஸ்.

கூரை இல்லாத கார்களில் நிலைமை இன்னும் மோசம். கூரை என்பது ஒரு பெட்டியின் மேல்பலகை. அதை எடுத்துவிட்டால் முன்பாதியும் பின்பாதியும் தரைப்பகுதியால் மட்டுமே இணைந்திருக்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது டாஷ்போர்டும் கண்ணாடிச் சட்டமும் நடுங்குவது இதனால்தான். இந்த நடுக்கத்துக்கு டவர்களுக்கு இடையே போடும் கம்பி பெரிதாக மருந்தாகாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கு வேண்டியது காரின் அடியில், தரையோடு ஒட்டிப் போகும் சட்டங்கள்.

அப்புறம், "இரும்பு வயசாகித் தளர்ந்துபோச்சு" என்று ஒரு பேச்சு உண்டு. எஃகின் விறைப்பு வயதால் குறையாது. முப்பது வருடத்துத் தகடும் புதுத் தகடும் ஒரே அளவில்தான் வளையும். தளர்வது இணைப்புகள். தகடுகளை ஒட்டவைத்திருக்கும் ஸ்பாட் வெல்டிங்கைச் சுற்றி விரிசல் விடலாம், மடிப்புகளுக்குள் ஈரம் புகுந்து துரு தின்றிருக்கலாம், சஸ்பென்ஷன் மூட்டுகளில் அடைத்திருக்கும் ரப்பர் உருளைகளான புஷ்கள் நைந்திருக்கலாம். பழைய காரில் பிரேஸ் மாட்டுவதற்கு முன் இந்தப் பட்டியலுக்குத்தான் முதல் மரியாதை. புஷ் போன காருக்குப் பிரேஸ் மாட்டுவது, ஆடுகிற கதவுக்குப் புதுப் பூட்டுப் போடுவது மாதிரி.

சக்கரத்திலிருந்து டவர் வரை

பிரேஸ் உதவுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்: உங்கள் காரின் சஸ்பென்ஷன் எந்த வகை?

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்ற வகையை முதலில் எடுத்துக்கொள்வோம். எர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளர் 1940-களில் உருவாக்கியது. 1950-ல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், இதைப் பயன்படுத்திய ஆரம்ப கார்களில் ஒன்று. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரு நீளமான தூண். அதன் அடியில் சக்கரம் பிடிபட்டிருக்கும், கீழே ஒரே ஒரு ஆர்ம் (சக்கரத்தை உடலோடு இணைத்து, மேலும் கீழும் ஆடவிடும் கை), மேல்முனை நேராக டவரில் போல்ட் போட்டிருக்கும். மேலே தனியாக ஆர்ம் கிடையாது. ஆகவே சக்கரம் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலையில் பாதி டவருடையது.

எவ்வளவு விசை வரும் என்று ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளைவில் போகும்போது வெளிப்பக்க முன்சக்கரத்தைத் தரை 3,000 நியூட்டன் விசையோடு உள்நோக்கித் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில், ஸ்ட்ரட்டின் மேல்முனை 800 மி.மீ. உயரத்தில். பால் ஜாயின்ட்டை அச்சாக வைத்து நெம்புகோல் கணக்குப் போட்டால் மேல்முனையில் 1,000 நியூட்டன் வருகிறது. ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமம். அடியில் உள்நோக்கித் தள்ளினால் மேல்முனை எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும். அதாவது டவர் காரின் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உள்பக்கச் சக்கரத்திலும் இதேதான் நடக்கிறது, அதுவும் அதே திசையில். இரண்டு டவர்களும் வளைவுக்கு வெளியே ஒரே பக்கமாகத் தள்ளப்படுகின்றன. வெளிப்பக்க டவருக்கு அதிகச் சுமை, உள்பக்க டவருக்குக் குறைவு. இரண்டையும் ஒரு கம்பியால் கட்டினால், கூடுதல் சுமை விழுந்த டவருக்கு மற்றது தோள்கொடுக்கும். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்வதை அந்தக் கம்பி தனியாகத் தடுக்க முடியாது. அதற்கு மூன்றாவது ஒரு பிடி வேண்டும்: ஃபயர்வாலுக்கு ஒரு கால் போட்டு முக்கோணமாக்குவது. நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரம் செய்தால் ஆடும், மூன்று குச்சிகளில் முக்கோணம் செய்தால் ஆடாது என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துகொண்டதுதானே. கடையில் 'மூன்று முனை பிரேஸ்' என்று விற்பது இதுதான். ஃபயர்வாலில் அதற்குரிய இடம் வலுவாக இருந்தால், இரண்டு முனைக் கம்பியைவிட இதற்கே என் ஓட்டு. வெறும் மெல்லிய தகட்டில் போல்ட் போட்டிருந்தால் அந்த மூன்றாவது கால் பெயருக்குத்தான்.

பள்ளத்தில் சக்கரம் அடிபடும்போது கதை வேறு. சக்கரம் ஸ்ட்ரட்டின் அச்சுக்கு வெளியே தள்ளி இருப்பதால், கீழிருந்து மேலே வரும் அடி டவரை உள்நோக்கிச் சாய்க்கப் பார்க்கும். அப்போது கம்பி அழுத்தத்தைத் தாங்கும். பழைய கார்களில் வருடக்கணக்கான பள்ளங்கள் டவர்களை நிரந்தரமாகவே உள்ளே சாய்த்துவிடுவது உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

டவர் கொஞ்சம் நகர்ந்தால் என்ன ஆகும்? சக்கரத்தின் சாய்வு, அதாவது கேம்பர், மாறும். மேலே சொன்ன அளவுகளில் டவரின் மேல்முனை 1 மி.மீ. நகர்ந்தால் கேம்பர் ஏறக்குறைய 0.1 டிகிரி மாறும். 2 மி.மீ. என்றால் 0.2 டிகிரி. சக்கரக் கோணங்களை அளக்கும் அலைன்மென்ட் எந்திரத்தில் இது கண்ணுக்குத் தெரியும் அளவு. நல்ல காது உள்ளவருக்குச் சுருதி விலகல் கேட்பதுபோல, பழகிய கைக்கு ஸ்டீயரிங்கில் தெரியலாம். ஆனால் டயர் அழுத்தம் குறைந்திருந்தால் வரும் வித்தியாசத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லை.

ஸ்ட்ரட் வகைப் பழைய கார்கள் நிறைய. டட்சன் 240 இசட், முதல் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் ஸ்ட்ரட்தான். ஆகவே பின்பக்க டவர்களுக்கும் பிரேஸ் போடுவதில் அர்த்தம் உண்டு. போர்ஷ 944, பிஎம்டபிள்யூ இ30, டொயோட்டா ஏஇ86 ஆகியவற்றில் முன்பக்கம் மட்டும்.

இனி இரட்டை விஷ்போன். மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். சக்கரம் சாயாமல் பிடிப்பது இந்த இரண்டும்தான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எடையை மட்டும் தாங்கினால் போதும். பக்கவாட்டு விசை போய்ச் சேர்வது ஆர்ம்கள் பிடிபட்டிருக்கும் இடங்களுக்கு, பெரும்பாலும் கீழே சப்ஃபிரேம் என்ற தனிச் சட்டத்துக்கு. ஸ்பிரிங்கின் மேல்முனையில் வருவது முக்கியமாக மேல்நோக்கிய உதை. இடம் வலமாக ஓடும் கம்பி மேல்நோக்கிய உதையை என்ன செய்ய முடியும்?

என் எம்எக்ஸ்-5-ல் நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன். கதை முடிந்தது. 1989-ல் அறிமுகமான இந்தக் காருக்கு 1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது தொழிற்சாலையே உடலைக் கூடுதலாக விறைப்பாக்கியது. எங்கே இரும்பு சேர்த்தார்கள் என்று பாருங்கள்: முன், பின் சப்ஃபிரேம்களில், அப்புறம் இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் தூண்கள் இரண்டையும் இணைத்து ஒரு குறுக்குக் கம்பி. எஞ்சினுக்கு மேலே அல்ல. இதை நான் பிரேஸ் வாங்குவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும்.

வகைப்பாட்டை அப்படியே மனப்பாடம் செய்யவும் வேண்டாம். 1964-ல் வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் இல்லை. ஆனால் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்கார்ந்து டவரைத் தள்ளும், மேல் ஆர்மும் டவரிலேயே பிடிபட்டிருக்கும். சுமை முழுக்க டவருக்குத்தான். அதனால் இரண்டு டவர்களையும் ஃபயர்வாலோடு சேர்த்துக் கட்டும் 'எக்ஸ்போர்ட் பிரேஸ்' என்ற தகட்டு அமைப்பும், டவருக்கு டவர் குறுக்கே போகும் 'மான்டி கார்லோ பார்' என்ற கம்பியும் அந்தக் காரின் உலகத்தில் இன்றும் முதலில் வாங்கும் சாமான்களில் வருகின்றன. கேட்க வேண்டிய கேள்வி எப்போதும் ஒன்றே: சக்கரத்தின் விசை இந்த இரண்டு புள்ளிகளுக்கு வருகிறதா?

வளைந்த கம்பியின் விலை

பிரேஸ் வாங்கும்போது விளம்பரத்தைப் படிக்காமல் கம்பியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நேராக இருக்கிறதா, எஞ்சினைத் தாண்டுவதற்காக வளைத்திருக்கிறார்களா?

இதற்கும் கணக்கு உண்டு. 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன், ஒரு மீட்டர் நீளம் உள்ள எஃகுக் குழாய் ஒன்று. நேராக இருந்தால் அதை ஒரு மில்லிமீட்டர் சுருக்க ஏறக்குறைய 29,000 நியூட்டன் வேண்டும். கிட்டத்தட்ட மூன்று டன் எடை. டவர்களில் வரும் விசைக்கு இது அசையவே அசையாது. அதே குழாயின் நடுப்பகுதி 50 மி.மீ. மேலே தூக்கி வளைத்திருந்து, முனைகள் கீல் போலத் திரும்பக்கூடியதாக இருந்தால்? ஒரு மில்லிமீட்டர் சுருக்க 2,100 நியூட்டன் சொச்சம் போதும். பதின்மூன்றில் ஒரு பங்கு! நேரான குழாய் நீளவாக்கில் நசுங்க வேண்டும்; வளைந்தது வில்லைப்போல் இன்னும் கொஞ்சம் வளைந்தாலே போதும்.

வளைவு தவிர்க்க முடியாத கார்களும் உண்டு. அப்போது குழாயின் விட்டம் பெரிதாக இருக்கட்டும், முனைத் தகடுகளோடு முழுக்க வெல்டிங் செய்து ஒரே துண்டாக இருக்கட்டும். அலுமினியம் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரே அளவுக் குழாய் என்றால் அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். எடை குறைவு என்பது உண்மை, ஆனால் அந்த லாபத்தைத் தடிமனான குழாயாகத் திருப்பிக் கொடுத்தால்தான் விறைப்பு கிடைக்கும்.

அடுத்து முனைகள். பல பிரேஸ்களில் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரே ஒரு போல்ட், அல்லது ரோஸ் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு இருக்கும். மூட்டில் லூஸ் இல்லாதவரை இழுவையையும் அழுத்தத்தையும் கடத்த அது போதும். லூஸ் வந்துவிட்டால் அந்த அரை மில்லிமீட்டர் ஆட்டத்துக்குள் டவர் தன் இஷ்டத்துக்கு நகரும். கம்பி வேலைக்கே வராது, டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். மெல்லிய முனைத் தகட்டின் விளிம்பிலிருந்து கம்பி உயரத்தில் எழும்பி நிற்கும் வடிவமும் அப்படித்தான்: கம்பி எவ்வளவு தடித்திருந்தாலும் தகடு வளைந்துகொடுத்துவிடும்.

மாட்டுவதற்கு முன்

முதலில் டவர்களின் மேல்பகுதியைச் சுத்தம் செய்து பாருங்கள். தகடுகள் சேரும் மடிப்புகளில் அடைத்திருக்கும் சீலர் வெடித்திருந்தால் அதன் அடியில் துரு இருக்க வாய்ப்பு அதிகம். சக்கர வளைவுக்குள் கையை விட்டு அடிப்பக்கத்தையும் பாருங்கள். மண்ணும் தண்ணீரும் எறியப்படுவது அந்தப் பக்கம்தான். சந்தேகமான இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறதா? போனால் பிரேஸை மூட்டை கட்டி வையுங்கள். அந்தக் காருக்கு வேண்டியவர் வெல்டர். அரித்த டவரின் மீது பளபளப்பான தகட்டை மூடுவது ஆபத்தை மறைப்பதற்குச் சமம்.

அடுத்து, கம்பியை டவர்களின் மீது சும்மா வைத்துப் பாருங்கள். துளைகள் பொருந்துகின்றனவா? நீளம் மாற்ற முடியாத கம்பி, சரியான காருக்கு என்று செய்தது, ஆனாலும் நாலைந்து மில்லிமீட்டர் பொருந்தவில்லை என்றால் பலருக்கும் முதலில் வரும் எண்ணம் துளையை ராவிப் பெரிதாக்குவது. கொஞ்சம் பொறுங்கள். பழைய மஸ்டாங்குகளில் பிரேஸ் மாட்டப்போனவர்களுக்கு இது வாடிக்கையான அனுபவம்: கம்பி நீளமாக இருப்பதாகத் தோன்றும், உண்மையில் டவர்கள் காலப்போக்கில் உள்ளே சாய்ந்திருக்கும். கம்பிதான் முதன்முறையாக அதைக் காட்டிக்கொடுக்கிறது. காரின் சர்வீஸ் புத்தகத்தில் உடல் அளவுகள் இருந்தால் டவர்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து ஒப்பிடுங்கள். இடது டவரிலிருந்து வலது ஃபயர்வால் மூலைக்கு, வலது டவரிலிருந்து இடது மூலைக்கு என்று குறுக்கு அளவும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் கார் எப்போதோ எங்கேயோ இடிபட்டிருக்கலாம். முதலில் உடலைச் சரிசெய்யும் ஜிக்கில் ஏற்ற வேண்டிய கார் அது.

பிறகு இடம். குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் சிறு உருண்டைகள் செய்து கம்பியின் மீது ஆங்காங்கே ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, பானெட்டை மெதுவாக மூடி அழுத்தித் திறங்கள். உருண்டை எவ்வளவு தடிமனுக்கு நசுங்கியிருக்கிறதோ அதுதான் இடைவெளி. எனக்கு 10 மி.மீ. இருந்தால் நிம்மதி, பானெட்டும் வேகத்தில் கொஞ்சம் துடிக்கும். எஞ்சின் பக்கம் இன்னும் தாராளம் வேண்டும், ஏனெனில் கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் தன் ரப்பர் மவுன்ட்டுகளில் புரளும். மவுன்ட் பழையதென்றால் ரொம்பவே புரளும். 25 மி.மீ. விட்டுவிடுங்கள். பேட்டரி முனைகள், பிரேக் ஆயில் டப்பா, ஆக்சிலரேட்டர் கேபிள், கார்புரேட்டர் மீதிருக்கும் ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆயில் மட்டக் குச்சியை உருவ முடிகிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

மாட்டும் நாள்

டவர் மேலே உள்ள நட்டுகளை முந்தின நாளே கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுன்ட் என்ற பாகத்திலிருந்து டவரின் துளைகள் வழியாக மேலே நீட்டியிருக்கும் மரைக்கம்பிகளில்தான், அதாவது ஸ்டட்டுகளில்தான், இந்த நட்டுகள் ஏறியிருக்கும். அவை பெரும்பாலும் மெல்லியவை, எம்8 அல்லது எம்10 அளவு (8 அல்லது 10 மி.மீ. விட்டம்). துருப்பிடித்த நட்டை இம்பாக்ட் கன்னால் பிடுங்கினால் ஸ்டட் முறிந்துவிடும், அல்லது மவுன்ட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். கையால், கொஞ்சம் கழற்றிக் கொஞ்சம் இறுக்கி, பொறுமையாக.

கார் சமதரையில் தன் சக்கரங்களிலேயே நிற்கட்டும். அப்போது காரின் எடை டவரை மவுன்ட்டின் மீது அழுத்திக்கொண்டிருக்கும்; சுற்றியுள்ள நட்டுகளை எடுத்தாலும் மவுன்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கழற்றினால் மொத்த ஸ்ட்ரட்டும் கீழே இறங்கிவிடும். சமதரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தூக்கி நிறுத்திய காரின் உடல் லேசாக நெளிந்திருக்கும்; அந்த நிலையில் கம்பியைப் பூட்டினால் நெளிவையும் சேர்த்தே பூட்டுகிறீர்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: டவரின் நடுவில் தனியாகத் தெரியும் நட்டைத் தொடவே கூடாது. ஷாக் அப்சார்பர் தண்டையும் அழுந்திய ஸ்பிரிங்கையும் பிடித்து வைத்திருப்பது அது. அதைக் கழற்றினால் ஸ்பிரிங் தன் முழு பலத்தோடு விடுபட்டுக் கிளம்பும். ஆளைக் கொல்லும் பலம் அதற்கு உண்டு. நீங்கள் கழற்ற வேண்டியது அதைச் சுற்றி இருக்கும் இரண்டு, மூன்று அல்லது நான்கு சின்ன நட்டுகளை மட்டும்.

சில கார்களில் மவுன்ட்டின் துளைகள் நீள்வட்டமாக இருக்கும், கேம்பர் சரிசெய்வதற்காக. அப்படியென்றால் நட்டைத் தளர்த்துமுன் மவுன்ட் இருக்கும் இடத்தைப் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அலைன்மென்ட் போய்விடும். பிறகு டயர் ஓரமாகத் தேயும்போது பழி கம்பியின் மீது விழும்.

தகட்டின் அடியில் வெறும் இரும்பும் மெல்லிய பெயின்ட்டும்தான் இருக்க வேண்டும். பழைய ரப்பர் வளையம், தார்ப்பூச்சு, தடித்த பெயின்ட் எதன் மீதும் வைக்காதீர்கள்; அவை நாளடைவில் நசுங்கி நட்டை லூஸாக்கும். அலுமினியத் தகடென்றால் நடுவே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், ஈரத்தில் எஃகும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கும். தகடு வைத்த பிறகு ஸ்டட் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். 4 மி.மீ. தகடு 4 மி.மீ. மரையைத் தின்றுவிடும். நட்டு முழுக்க ஏறி, அதற்கு மேலே ஓரிரண்டு மரை வெளியே தெரிய வேண்டும். நட்டின் உள்ளே நைலான் வளையம் இருந்தால் ஸ்டட் அந்த வளையத்தைத் தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்த வகை நட்டைப் பழசு போடாதீர்கள், புதுசு போடுங்கள். ஸ்டட் போதவில்லையா? நீளமான ஸ்டட் உள்ள மவுன்ட் தேட வேண்டும் அல்லது பிரேஸை மறந்துவிட வேண்டும். பாதி மரையில் நட்டைத் தொங்கவிடுவது மூன்றாவது வழி அல்ல.

எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றி, பிறகு மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதைச் சர்வீஸ் புத்தகம் சொல்லும், அதுதான் சட்டம். ஒரு அளவு தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: 8.8 தர எம்8 போல்ட்டுக்கு வழக்கமாக 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 50 அளவில். கை பலத்தைக் காட்ட இடமே இல்லை.

நீளம் மாற்றக்கூடிய கம்பி என்றால் அதன் இரண்டு முனைகளில் வலது மரையும் இடது மரையுமாக இருக்கும். நடுவில் திருகினால் நீளும், சுருங்கும். "டவர்களைக் கொஞ்சம் நெட்டித் தள்ளி இறுக்கினால் விறைப்பு கூடும்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூட்டில் லூஸ் இல்லாத கம்பிக்கு முன்கூட்டிய இறுக்கம் கூடுதல் விறைப்பைத் தராது, டவர் தொடங்கும் இடத்தைத்தான் மாற்றும். கூடவே கேம்பரும் மாறும். முனைப் போல்ட்டுகள் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போகும் நீளத்தில் நிறுத்துங்கள், பூட்டு நட்டுகளை இறுக்குங்கள், போதும்.

காரின் அடியில் மாட்டும் பிரேஸ் என்றால் கூடுதல் கவனம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகக் கூடாது. முடிந்தால் சக்கரங்கள் ஏறி நிற்கும் சாய்தளத்தில் காரை ஏற்றுங்கள். அப்போது சஸ்பென்ஷன் வழக்கமான நிலையிலேயே இருக்கும். பல பிரேஸ்கள் ஆர்ம்களைப் பிடிக்கும் அதே போல்ட்டுகளையே பயன்படுத்தும். ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் எடுத்து மாற்றுங்கள். ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டைக் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் முழுதாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். போல்ட் தலையில் கேம்பர் சரிசெய்யும் வட்டு இருந்தால் அதற்கும் பெயின்ட் கோடு. உடலின் பெட்டிச் சட்டத்தில் புதிதாகத் துளை போடச் சொன்னால், உள்ளே ஒரு சிறு குழாய்த் துண்டு வைக்காமல் போல்ட்டை இறுக்காதீர்கள், சட்டம் நசுங்கிவிடும். துளையின் வெட்டு விளிம்புக்குப் பிரைமர் பூசுங்கள்.

சில நாடுகளில் இதுபோன்ற மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்க டவரில் பலமான மோதல் விழுந்தால், கம்பி அதை மறுபக்கத்துக்கும் கடத்தக்கூடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

உண்மையிலேயே வேலை செய்கிறதா?

மாட்டிய அன்று கிடைக்கும் உணர்வை நம்பாதீர்கள். என் அனுபவம்தான் சாட்சி. ஒரு எளிய வழி இருக்கிறது, பிரேஸ் வாங்குவதற்கு முன்பே செய்யலாம். நேரான மெல்லிய குழாய் ஒன்றை எடுத்து ஒரு டவரில் மட்டும் இறுக்கமாகப் பிடிக்க வையுங்கள். மறுமுனை அடுத்த டவரில் பொருத்திய ஒரு சிறு வளையத்துக்குள் தாராளமாக நுழைந்து நிற்கட்டும். குழாயின் மீது, அந்த வளையத்தின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல, இறுக்கமான சின்ன ரப்பர் வளையம் ஒவ்வொன்று போடுங்கள். பானெட்டை மூடி, நீங்கள் வழக்கமாகப் போகும் வளைவுகளிலும் பள்ளங்களிலும் ஓட்டிவிட்டு வாருங்கள். டவர்கள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் ஒரு ரப்பர் வளையம் தள்ளப்பட்டிருக்கும், விலகியிருந்தால் மற்றது. எவ்வளவு என்பதை அடிக்கோலால் அளக்கலாம்.

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் அந்தக் காருக்குப் பிரேஸ் தேவை. கண்ணுக்கே தெரியாத அளவென்றால் அந்தப் பணத்துக்குப் புது புஷ்களோ நல்ல டயர்களோ வாங்கலாம். நான் இதைச் செய்து பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. என் எம்எக்ஸ்-5-ன் டவர்களுக்கு நடுவே அந்த ரப்பர் வளையங்கள் போட்ட இடத்திலேயே கிடந்தன. பிறகு கீழே சப்ஃபிரேமில், ஆர்ம்களின் பிடிகளுக்கு நடுவே ஒரு தட்டையான சட்டம் மாட்டினேன். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, யாரும் குனிந்து பார்க்கப் போவதும் இல்லை. முன்பு ஒரு குறிப்பிட்ட பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போது ஸ்டீயரிங் தண்டில் வரும் உதறல் பாதியாகக் குறைந்தது.

எதை மாட்டியிருந்தாலும் சில நாள் ஓட்டிய பிறகு டார்க் ரெஞ்ச்சோடு இன்னொரு முறை எல்லா நட்டையும் பாருங்கள். பெயின்ட் நசுங்கியிருக்கும், தகடு படிந்திருக்கும். எனக்கு இரண்டு நட்டுகள் கால் திருப்பு கூடுதலாக எடுத்துக்கொண்டன.